வீடுகளுக்கு ஒரு சத்திரம்

வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டிய புண்ணியவான்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். வீடு வாசலை விட்டுக் கிளம்பி வந்தவனுக்கு ஒரு திண்ணையும் ஒரு வேளைச் சோறும் கொடுப்பது தர்மம் என்று நம் முன்னோர்கள் எண்ணினார்கள். ஆனால், வீடுகளே நாதியற்றுப் போய்விட்டால் அவை எங்கே போய்த் தங்கும்? இந்த விசித்திரமான கவலையினால் பீடிக்கப்பட்ட மனிதர் ஒருவர் வேல்ஸ் தேசத்தில் இருந்தார். ஓர் ஆற்றங்கரை ஹோட்டலை வாங்கி, அதைச் சுற்றி அநாதை வீடுகளுக்கென்று ஒரு சத்திரமும் கட்டினார். அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் லிவர்பூலில் இருக்கிறார்கள். சென்ற கோடையில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, "மாமா, போர்ட்மெய்ரியன் என்று ஓர் இடம் இருக்கிறது. இரண்டரை மணி நேரப் பிரயாணந்தான். நீங்கள் பழைய கட்டடங்களைக் கண்டால் நின்றுவிடுகிறவர் ஆயிற்றே, அவசியம் பார்க்க வேண்டும்" என்று மாப்பிள்ளை காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

வேல்ஸ் என்பது இங்கிலாந்திலே ஒரு ஜில்லா என்று நினைத்துக் கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். எல்லையைத் தாண்டியதும் சாலை ஓரத்துப் பலகைகள் அந்த எண்ணத்தைப் போக்கிவிட்டன. எழுத்து இங்கிலீஷ் எழுத்துத்தான். பாஷை முற்றிலும் வேறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்தத் தேசத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் தாய்மொழியைப் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டி விடுவார்களாம். வேறொரு குழந்தை வேல்ஷ் பேசி அகப்பட்டுக் கொண்டால் மரத்துண்டு அதன் கழுத்துக்கு மாறும். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தக் குழந்தைக்கு அடி. இதை மாப்பிள்ளை சொன்னபோது, தமிழ் பேசியதற்காக நான் படித்த பள்ளிக்கூடத்தில் அபராதம் கட்டிய நினைவு எனக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு அந்தப் பாஷை சாகவில்லை. நாங்கள் போன பக்கத்துக் கடைகளிலெல்லாம் ஜனங்கள் அதைத்தான் பேசிக் கொண்டிருந்தார்கள்.

வடமேற்கு வேல்ஸில் டுயிரிட் என்ற நதி மலையிலிருந்து இறங்கிக் கடலோடு கலக்கும் இடம் மிகவும் விஸ்தாரமானது. கடல் ஏறும் வேளையில் அது பெரிய ஏரி போலத் தளும்புகிறது. இறங்கும் வேளையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். இந்த முகத்துவாரத்தின் கரையிலே, அடர்ந்த காடு சரிந்து இறங்கும் பாறையின் காலடியில், நீளமான வெள்ளை மாளிகை ஒன்று நிற்கிறது. அதுதான் ஹோட்டல். 1850-ஆம் வருஷத்தை ஒட்டி யாரோ ஒரு தனவந்தர் வசிப்பதற்காகக் கட்டிய வீடு. அப்போது அந்த இடத்துக்கு அபெர் இயா என்று பெயர். பனிக்கட்டியின் முகத்துவாரம் என்று அர்த்தமாம். கடைசியாக அங்கே குடியிருந்த மூதாட்டி ஒருத்தி மனித சகவாசத்தை வெறுத்து நாய்களோடு வாழ்ந்தாள். இறந்த நாய்களுக்குக் காட்டுக்குள் மயானமே அமைத்தாள். இன்றும் அதைப் பார்க்கலாம். தோட்டத்தில் அவள் யாரையும் கை வைக்க விடவில்லை. காடு வளர்ந்து வீட்டு வாசலைத் தட்டிக் கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் 1925-இல் கிளஃப் வில்லியம்ஸ் எல்லிஸ் வந்து சேர்ந்தார்.

இவர் ஒரு கட்டடக் கலைஞர். முறையாகப் படித்துத் தேறியவர் என்று சொல்ல முடியாது. லண்டனில் கட்டடக்கலைப் பள்ளி ஒன்றில் சில மாதங்கள் தலையைக் காட்டிவிட்டுத் தொழிலில் இறங்கியவர். முதல் மகா யுத்தத்தில் வேல்ஷ் படையில் அதிகாரியாக இருந்தார். இவருடைய கல்யாணத்துக்குத் தோழர்களான அதிகாரிகள் பணம் திரட்டிப் பரிசளிக்க விரும்பியபோது, வெள்ளிப் பாத்திரம் ஒன்றும் வேண்டாம், அந்தப் பணத்தில் ஒரு பாழடைந்த கோபுரம் கட்டிக் கொள்கிறேன் என்றாராம்! புதிதாகப் பாழடைந்த கோபுரம் கட்டுகிற மனிதருடைய புத்தி எப்படிப்பட்டது என்று வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அழகான இயற்கைக் காட்சியுள்ள இடத்திலே கட்டடம் எழுப்பினால் அழகு கெட்டுத்தான் போக வேண்டும் என்ற விதி கிடையாது, அதைக் கூட்டவும் முடியும், அதிலே ஜீவனமும் நடத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். இதற்காகப் பல வருஷம் தீவு தீவாக இடம் தேடினார். கடைசியில் அவருடைய உறவினர் ஒருவர், தமக்குச் சொந்தமான அபெர் இயாவை விற்க வேண்டும், யாராவது வாங்குவார்களா என்று விசாரிக்கச் சொன்னார். போய்ப் பார்த்தால், அவர் தேடிய இடம் அதுவேதான். அவருடைய சொந்த வீட்டிலிருந்து ஐந்து மைல் தூரங்கூட இல்லை! ஐயாயிரம் பவுனுக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு அதைத் தாமே வாங்கிக் கொண்டார். பனிக்கட்டி என்ற பெயரைக் கேட்டால் எந்த விருந்தாளிதான் வருவான்? போர்ட்மெய்ரியன் என்று புதுப்பெயர் சூட்டினார். 1926-ஆம் வருஷம் ஈஸ்டர் பண்டிகையின்போது பழைய வீடு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது.

ஹோட்டலில் வரும் பணத்தைக் கொண்டு அதற்குப் பின்னாலிருந்த பாறைச் சரிவில் ஒரு கிராமத்தையே கட்ட ஆரம்பித்தார். 1925 முதல் 1939 வரையில் ஒரு பகுதி. இரண்டாம் யுத்தமும் அதற்குப் பிந்திய கட்டுப்பாடுகளும் குறுக்கிட்டதனால் மறுபடி 1954-இல் தொடங்கி 1976 வரையில் இன்னொரு பகுதி. வேலை முடிந்தபோது அவருக்குத் தொண்ணூற்று மூன்று பிராயம்.

முதலில் பார்த்தபோது எனக்கு இந்தக் கிராமம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். ரோஜா நிறத்தில் ஒரு வீடு, மாம்பழ நிறத்தில் ஒரு வீடு, ஆகாச நிறத்தில் ஒன்று. நடுவிலே இத்தாலிய பாணியில் மணிக்கூண்டு. சில ஜன்னல்களை நெருங்கிப் போய்ப் பார்த்தால் அவை ஜன்னல்களே அல்ல, சுவரில் எழுதிய சித்திரங்கள். யூனிகார்ன் என்ற வீடு தூரத்திலிருந்து ஜமீன்தாரின் அரண்மனை போல் தோன்றுகிறது. பக்கத்தில் போனால் ஒற்றைத் தளமுள்ள சிறு வீடு. அளவுகளைச் சாமர்த்தியமாக நீட்டியும் குறுக்கியும் கண்ணை ஏமாற்றியிருக்கிறார். ஹோட்டலுக்கு முன்னால் கரையோரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அது கல்லால் கட்டியது! ஒரு காலத்தில் உண்மையான பழைய கப்பல் ஒன்றை அங்கே கட்டி வைத்திருந்தார்களாம். அது மணல்திட்டில் அகப்பட்டு நாசமாய்ப் போகவே, இனிமேல் எங்கும் போகாத கப்பலாக இருக்கட்டும் என்று கல்லிலேயே கட்டிவிட்டார்கள்.

"மாமா, நவராத்திரிக் கொலு மாதிரி இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

சரியான உபமானந்தான். படிப்படியாகச் சரிவில் இறங்கும் பொம்மைகள், கீழ்ப்படியிலே ஹோட்டல், அதற்கும் கீழே தெப்பக்குளம் போலத் தண்ணீர். "கொலு ஒன்பது நாளைக்கு அழகுதான். வருஷம் முழுவதும் வைத்திருந்தால்?" என்றேன் நான். அப்போது என் பேச்சில் சற்றுக் கர்வம் இருந்தது. மணிக்கூண்டின் அடியில் பதித்திருந்த கல்லைப் படித்த பிறகு கர்வம் குறையத் தொடங்கியது.

அந்தக் கோபுரம் 1928-இல் கட்டப்பட்டது. அதில் வைத்துக் கட்டிய கற்களில் சில பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாம். வடவேல்ஸ் மன்னனும், கிளஃபினுடைய மூதாதையுமான க்ரிஃபித் அப் கனனுடைய கோட்டை அங்கிருந்து நூற்றைம்பது கஜ தூரத்தில் ஒரு மேட்டில் இருந்தது. நார்மானியர்களோடு ஆயுள் முழுவதும் போராடிச் சிறையிருந்து மீண்ட மன்னன் அவன். அப்படிப்பட்டவனுடைய கோட்டையில் எஞ்சியிருந்ததை 1869-ஆம் வருஷ வாக்கில் அந்த இடத்துச் சொந்தக்காரர் தரைமட்டமாக்கினார். என்ன காரணம்? பாழடைந்த கோட்டை இருப்பது வெளியில் தெரிந்தால் பார்ப்பதற்கு ஜனங்கள் வந்துவிடுவார்களாம்! இந்தப் புண்ணியவான் யார் தெரியுமா? வீட்ஸ்டனோடு சேர்ந்து மின்சாரத் தந்தியைக் கண்டுபிடித்த சர் வில்லியம் ஃபாதர்கில் குக். உலகத்தின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு பேச வைத்தவர் தம் வீட்டு வாசலுக்கு யாரும் வந்து பேசிவிடக் கூடாதென்று ஒரு கோட்டையை இடித்தார். இந்தச் சங்கதி முழுவதையும் கிளஃப் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார். தம்மைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக் கொண்டதோடு, சாராயக்கடைக்காரர் என்றும் அதிலேயே போட்டுக் கொண்டிருக்கிறார். ஹோட்டல் நடத்துகிறவர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். தந்திக்காரர் சிதற அடித்த கற்களைப் பொறுக்கி எடுத்துச் சாராயக்கடைக்காரர் கோபுரம் எழுப்பினார்.

அதன் பிறகு நான் பொம்மைகளைப் பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு பொம்மையும் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் தூண் வரிசை மண்டபம், 1760-ஆம் வருஷ வாக்கில் பிரிஸ்டல் நகரத்தில் செம்பு உருக்கும் முதலாளி ஒருவர் தம் குளிக்கும் மண்டபத்துக்காகக் கட்டியது. யுத்தத்தில் குண்டு விழுந்து சேதமாகி, சீந்துவாரற்றுக் கிடந்தது. கல் கல்லாகப் பிரித்து, இலக்கம் போட்டுக் கொண்டுவந்து, 1959-இல் இங்கே நிறுத்தினார்கள். கிராமத்துக்கு ஒரு கும்மட்டம் குறைகிறதென்று கிளஃபுக்குத் தோன்றவே 1960-ஐ ஒட்டிக் கும்மட்டம் ஒன்று எழுந்தது. அதன் முகப்பைப் பார்த்து நான் ஏதோ கோவில் வாசல் என்று எண்ணினேன். உண்மையில் அது குளிர்காயும் அடுப்பு! நார்மன் ஷா என்ற பிரசித்தி பெற்ற கட்டடக் கலைஞர் செஷயரில் கட்டிய மாளிகை ஒன்றை இடித்தபோது, அதன் சங்கீத அறையில் இருந்த பிரம்மாண்டமான சிவப்புக் கல் அடுப்பு தப்பிப் பிழைத்தது. கம்பித் தடுப்புகளில் இருக்கும் இரும்புக் கடற்கன்னிகள் லிவர்பூலில் மாலுமிகள் தங்கும் விடுதியில் இருந்தவை. அந்த விடுதி இப்போது இல்லை. "அப்பா, நாங்கள் தினமும் கடந்து போகிற தெருவில்தான் அது இருந்ததாம், இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதே!" என்றாள் என் பெண்.

நுழைவாயில் வீட்டின் விதானத்தில் சித்திரம் தீட்டியவர் ஹான்ஸ் ஃபைபுஷ். ஜெர்மனியிலிருந்து ஹிட்லருடைய கொடுமைக்குத் தப்பி ஓடி வந்த யூதர். அடைக்கலம் கொடுக்கும் ஊரின் வாசலுக்கு அவரைக் காட்டிலும் பொருத்தமான ஓவியர் யார் கிடைத்திருக்க முடியும்?

ஹோட்டலுக்கு வந்து தங்கிய மனிதர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஹெச். ஜி. வெல்ஸ், பெர்னார்ட் ஷா எல்லோரும் வந்திருக்கிறார்கள். 1941-இல், லண்டனில் குண்டு மழை பொழிந்த காலத்தில், நோயல் கவர்ட் இங்கே வந்து உட்கார்ந்து 'ப்ளைத் ஸ்பிரிட்' என்ற ஹாஸ்ய நாடகத்தை ஒரே வாரத்தில் எழுதி முடித்தார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அடிக்கடி வந்து, பிறகு பக்கத்திலேயே குடியேறி, 1970-இல் அங்கேயே காலமானார். கிருஷ்ண மேனன் லண்டனில் நடத்திய இந்தியா லீக்குக்குத் தலைமை வகித்து நம் விடுதலைக்காக வாதாடிய ரஸ்ஸல்தான். அவர் அந்த ஆற்றங்கரையில் நடந்திருப்பார் என்று எண்ணியபோது நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஆனால் என் கால் நின்றுவிட்ட இடம் ஹோட்டலுமல்ல, ஆற்றங்கரையுமல்ல. ஹெர்குலிஸ் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே சாயங்காலக் கல்யாணம் ஒன்றுக்காக நாற்காலிகள் போட்டுக் கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட ஓடம் போல வளைந்த விதானம்; முழுவதும் சுதை வேலை. கிரேக்கர்களுடைய பீமசேனனான ஹெர்குலிஸ் சிங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறான். பல தலை நாகத்தை வெட்டுகிறான். இன்னும் என்னென்னவோ பராக்கிரமங்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து வேலைப்பாடு. வேல்ஸின் வடகிழக்கு எல்லையில் எம்ரல் ஹால் என்ற பழைய மாளிகையில் முந்நூறு வருஷம் இருந்தது. 1936-இல் மாளிகையை இடித்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். செய்தி தெரிந்து கிளஃப் ஓடினார். அந்த விதானத்தை என்ன விலைக்கு ஏலத்தில் எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? பதின்மூன்று பவுன்!

பதின்மூன்று பவுனுக்கு விதானம் கிடைத்தது வாஸ்தவம். அதைத் தாங்குவதற்குச் சுவர் வேண்டுமே? ஆகையால் அதே மாளிகையின் கல் ஜன்னல்கள், ஓக் மரப் பலகைகள் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதாயிற்று. சுதையைத் துண்டு துண்டாக அறுத்துப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து சேர்த்து, 1938-க்குள் இந்த மண்டபத்தைக் கட்டி முடித்தார். பதின்மூன்று பவுன் பொருளுக்காக எத்தனை பதின்மூன்று பவுன் செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தால் அவரைப் பைத்தியக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் பெண், "என்ன அப்பா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் காவேரிக் கிளையாறு ஒன்றின் கரையிலிருந்த எங்கள் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று இரண்டு தெரு நீளத்துக்கு ஓடிய வீடு. கூடத்தில் எட்டுத் தேக்கு மரத் தூண்கள். என் அத்தைகள் மூவருக்கும் அந்தக் கூடத்தில்தான் கல்யாணம் நடந்தது. தகப்பனார் காலமான பிறகு வீடு பூட்டிக் கிடந்தது, ஓடு சரிந்தது, கறையான் ஏறியது. அண்ணா ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். 1996-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். தூண்கள், நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, உத்தரங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அண்ணா ஒரு மாதம் பொறுக்கலாம் என்றார். "பொறுத்தால் கறையான்தான் மிஞ்சும்" என்று சொன்னவனும் நான்தான். மூன்று நாளில் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொண்டு போய்விட்டது.

அதே 1996-ஆம் வருஷத்தின் கடைசி மாதத்தில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா திறக்கப்பட்டது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பி வைத்திருக்கிறார்கள். நம்மிடையேயும் கிளஃபைப் போன்ற பைத்தியக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். ஆறு மாதம் பொறுத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லவில்லை. "சும்மாதான் உட்கார்ந்தேன்" என்றேன். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. மூவருமாக ஹோட்டலுக்கு இறங்கிப் போய்த் தேநீர் சாப்பிட்டோம். ஆற்றைப் பார்த்தாற்போல் வில்லாக வளைந்த போஜன மண்டபம் அது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே தண்ணீர் ஏறி மணல்திட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கிற்று.

அந்த ஹோட்டல் கட்டடமும் ஒரு தடவை செத்துப் பிழைத்ததுதான். 1981-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் தீப்பிடித்து வெறும் சுவர்கள் மட்டும் நின்றன. கிளஃப் அதைப் பார்க்க இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே தொண்ணூற்று நாலாவது வயதில் காலமாகிவிட்டார். பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1951-இல் அவருடைய பரம்பரை வீடு எரிந்து போயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. அதே சுவர்களின் மேல் மறுபடி கட்டிக் கொண்டு குடியேறினார். ஹோட்டலையும் அவ்விதமே ஏழு வருஷம் வேலை செய்து 1988-இல் திறந்தார்கள். அவருடைய அஸ்தியை அவர் விருப்பப்படியே வாணத்தில் வைத்து, காலமாகி இருபது வருஷத்துக்குப் பிறகு, ஒரு புது வருஷப் பிறப்பு இரவில் அந்த முகத்துவாரத்துக்கு மேலே விட்டார்களாம். இதைக் கேட்டு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

லிவர்பூலுக்குத் திரும்பியதும் அண்ணாவோடு டெலிபோனில் பேசினேன். விதானத்தின் கதையைச் சொன்னேன். அவர் வெகு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

"அண்ணா, கூடத்தில் நாலாவது தூணில் அம்மா நம் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தாளே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நாலாவது இல்லையடா, மூன்றாவது. முற்றத்துப் பக்கம்" என்றார். பிறகு, "அந்த வியாபாரி எழுதிக் கொடுத்த ரசீது என் தகரப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன்" என்றார்.